சவுரிமுத்து தகரம் போட்ட கதை

கூரைக்குத் தகரம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். வெயிலில் வேகுமா, துருப்பிடிக்குமா, இடி இழுக்குமா, காற்றில் பறக்குமா. பம்மல் மெயின் ரோட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் சவுரிமுத்து அளவுக்கு என் உயிரை வாங்கியவர்கள் யாரும் இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் அது. சவுரிமுத்து பம்மலில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். ஈரத் தோலைப் பலகைமேல் விரித்து, சுருக்கம் விழாமல் இழுத்து இழுத்து ஓரமெல்லாம் ஆணி அடித்துக் காயப்போடுவது அவன் வேலை. நெடுநெடுவென்று இருப்பான், அதிர்ந்து பேசமாட்டான். வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய சந்தில். செங்கல் சுவர், மேலே கீற்று.

அந்தக் கத்திரி வெயிலில் பக்கத்துக் குடிசை பற்றிக்கொண்டது. நெருப்பு தாவி இவன் கூரையும் போய்விட்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழ்க்கட்டளையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன அவன் மனைவி அருள்மேரி, இனி கீற்றுக்கு அடியில் குழந்தையைப் படுக்கவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இவன் சுவர்களுக்கு மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிடந்தான். மழைக்காலத்துக்குள் கூரை போட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கலாம். இல்லாவிட்டால் அக்கா புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே காலம் தள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளில் கீழ்க்கட்டளை போவான். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கேள்வியோடு என் கடைக்கு வருவான்.

"சார், சிமெண்டு ஷீட்டு நல்லதா, தகரம் நல்லதா?"

"சிமெண்ட் ஷீட்ல சூடு கொஞ்சம் கம்மி. ஆனா தேங்கா விழுந்தா விரிஞ்சிடும். நெருப்பு பட்டா வெடிக்கும்."

வெடிக்கும் என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரம், தகரம் வெயிலில் வேகுமா என்று வந்தான். வேகத்தான் வேகும், சுவரை ரெண்டு வரிசை ஏற்றிக் கட்டி ஓரத்தில் காற்றுக்கு வழி விடு என்றேன். அதற்கடுத்த வாரம் இடி. "உங்க சந்துல அவ்வளவு ஒசரத்துக்குப் பனைமரம் நிக்குது. அதை விட்டுட்டு உன் வீட்டைத் தேடிக்கிட்டா வரும்?" என்று கேட்டேன். பிறகு துரு வந்தது. இத்தனைக்கும் ஒரு ஷீட் வாங்கவில்லை. கேள்விகளெல்லாம் அருள்மேரியுடையவை என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவையே கூட்டிவந்து கல்லாவில் உட்கார வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஆடி கழிந்து ஒரு திங்கட்கிழமை வந்து நின்றான்.

"சார், மழ பேஞ்சா சத்தம் ஜாஸ்தியா இர்க்குமா?"

"இருக்கும். காதுல பஞ்சை வெச்சிக்கிட்டுத் தூங்கச் சொல்லு உன் பெண்டாட்டிய."

அவன் நகரவில்லை. "அதுக்கில்ல சார். மழ பேஞ்சிகினு இர்க்கும்போது கொழந்த அழுதா கேக்குமான்னு கேட்டுனு வரச் சொல்லிச்சு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். தீப்பிடித்த அன்று அருள்மேரி சந்து முனையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாளாம். புகையை யாரும் பார்க்கவில்லை. குழந்தை அழுதது கேட்டுத்தான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

பஞ்சைப் பற்றிப் பேசிய என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "கேக்காதுப்பா," என்றேன். "பெருமழைன்னா பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது."

"கேக்கும்னு சொல்ட்டா இன்னா சார்?"

"உள்ளதைச் சொல்லு."

அடுத்த திங்கட்கிழமை அவனிடம் கேள்வி எதுவும் இல்லை. "தகரமே போடச் சொல்லிச்சு சார்," என்றான். ஷீட், குடை மாதிரித் தலையுள்ள ஆணி, வாஷர் எல்லாம் எடுத்துக் கொடுத்து, "ஷீட்டோட மேட்டுல ஆணி அடி. பள்ளத்துல அடிக்காதே, தண்ணி அதுலதான் ஓடும்," என்று படித்துப் படித்துச் சொன்னேன். தச்சனை வைத்துக்கொள் என்றும் சொன்னேன். ஆணி அடிக்க அவனுக்கு இன்னொரு ஆளா? தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். புரட்டாசியில் அருள்மேரியும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஐப்பசியில் முதல் மழை. நான் கடையைத் திறக்கும்போதே சவுரிமுத்து சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான்.

"ஷீட்டு பூரா ஓட்ட சார். வூடே ஒழுவுது. பேஜாரா கீது."

என் ஷீட்டில் ஓட்டையா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், அடித்த ஆணி அத்தனையும் பள்ளத்தில்.

"மேட்டுல அடிச்சா தொளதொளன்னு நிக்குது சார். பள்ளந்தான் மரத்தோட கும்முனு ஒட்டிச்சு," என்றான். வருஷக்கணக்காகத் தோலைப் பலகையோடு ஒட்ட அடித்த கை அது. இடைவெளி விட்டு ஒரு ஆணி அடிக்க அதற்கு மனசு வரவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், மழை வலுத்துவிட்டது.

உள்ளே ஓடினோம். தகரத்தில் விழுந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தரையெங்கும் சட்டியும் குண்டானும். அருள்மேரி ஒரு மூலையில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். எதிர் மூலையில், ஒழுகாத இடமாகப் பார்த்துத் தூளி கட்டியிருந்தது. இவள் இந்நேரம் மூட்டையைக் கட்டியிருப்பாள் என்று நினைத்துத்தான் நான் வந்தேன். "கீழ்க்கட்டளைக்கே போயிடப் போறியாம்மா?" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

அப்போது அவளுடைய இடது கை அசைந்தது. மணிக்கட்டில் ஒரு தோல் பட்டை, பட்டையிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை தூளியில். கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்துபோய்த் தூளியை விலக்கினாள். குழந்தை வாயை அகலத் திறந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மழை விட்டதும் திரும்பவும் கேட்டேன். "ஒழுவுனா சட்டி வெச்சிக்கலாம் சார். அதுக்குப் போயி இன்னாத்துக்கு கீழ்க்கட்டள?" என்றாள். பிறகு பட்டையைத் தொட்டுக் காட்டினாள். "மொதல்ல வெறுங்கயிறுதான் கட்னேன். கைய அறுத்துச்சு. இவருதான் மெத்துனு தோலு தெச்சிக் குட்த்தாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சவுரிமுத்து பூசைக்குக்கூடப் போகவில்லை. ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்து, மேட்டுக்கு அடியில் மரத்துண்டு முட்டுக் கொடுத்து அடித்தான். என் வாஷர் போதாதென்று, தோலை வட்டமாக வெட்டித் தாரில் தோய்த்து ஒவ்வொரு ஆணிக்கும் போட்டான். அடுத்த மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. சரளா என்ற அந்தக் குழந்தை இப்போது என் கடையைத் தாண்டித்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறது. வாடிக்கைக்காரர்களும் அதே கேள்விகளோடு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெயில், துரு, இடி எல்லாவற்றுக்கும் வழக்கம்போல் எரிந்து விழுகிறேன். மழைச் சத்தத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், வீட்டில் கைக்குழந்தை உண்டா என்று கேட்பேன். உண்டு என்றால் ஷீட்டோடு கொஞ்சம் கயிறும் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவேன்.