ஓரின் சுமந்த கல்

ஓரின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். முப்பது வருஷமாக எனக்கு நண்பன், அதே அளவுக்குத் தலைவலி. எங்கள் அலாஸ்காவில் மலையை நடந்து தாண்டி, முதுகுப்பையில் மடித்து வைத்த ரப்பர் படகைக் காற்றடித்து, ஆற்றோடு திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் எடைக் கிறுக்கு உண்டு. ஆனால் இவன் பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியை அறுத்தவன். ஜட்டிக்குள் தைத்திருக்கும் லேபிளைக்கூட விடாமல் கத்தரித்தவன்.

போன மார்ச்சில் அவனுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். ஆகஸ்டில், "ஆத்துக்குப் போறேன்" என்று நின்றான். அவன் மனைவி மேவிஸ் கத்தவில்லை.

"போங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆத்தோட கீழ்க்கோடி மணல் திட்டுல குட்டி விமானம் வந்து இறங்கும். அப்ப நீங்க அங்க நிக்கலைன்னா, உங்க படகை வெட்டி விறகு மேல போர்த்திடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அந்தப் படகு போனால் ஓரின் பாதி செத்த மாதிரிதான்.

துணைக்கு என்னை அனுப்பினாள். பாவம், என்னை நம்பினாள்.

திங்கள்கிழமை அவன் ஓட்ஸைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது, அவன் பையின் அடியில் ரெண்டு கிலோ தேறும் கல் ஒன்றைச் செருகினேன். எங்கள் கூட்டத்தில் இது பழைய விளையாட்டு. நெஞ்சு ஆபரேஷன் ஆனவன் பையிலா என்று கேட்பீர்கள். அப்போது எனக்குப் புத்தி புல் மேயப் போயிருந்தது.

கணவாய் ஏறும்போது நூறு அடிக்கு ஒருதரம் நின்றான். "வயசாயிடுச்சு வெண்டல்" என்று மூச்சு வாங்கினான். முதல் நாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். ரெண்டாம் நாள் அவன் உதடு வெளுத்ததைப் பார்த்துப் பயந்தே போனேன். ஆனாலும் எந்த வாயால் சொல்வது? கமுக்கமாக அவன் உணவு மூட்டையைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வியாழன் காலை ஆற்றங்கரை. படகுகளை ஊதினோம். ஓரின் பையைக் கவிழ்த்தான். கல் உருண்டு விழுந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுத்துத் தன் படகுக்குள் வைத்தான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் ஓடினேன். ஊதின படகில் உடனே பாரம் வைக்கணும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மறந்துவிட்டது. பள்ளத்தாக்குக் காற்று ஒரு அடி அடித்தது. திரும்பி வந்தபோது என் படகு குட்டிக்கரணம் போட்டு ஆற்றில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் படகு கல்லோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"உன் எடை என்ன?" என்றான் ஓரின்.

"எண்பத்தெட்டு."

"கிறிஸ்துமஸுக்கே தொண்ணூத்தஞ்சு. உண்மையைச் சொல்லு."

ஒருவர் படகில் ரெண்டு பேர். தண்ணீர் ஆழமான இடத்தில் அவன் கால்களுக்கு நடுவே நான் மடங்கிக் கிடந்தேன். தண்ணீர் குறைந்த இடமெல்லாம், "கனமான சாமான் கரையில நடக்கட்டும்" என்று இறக்கிவிட்டான். கொசுவுக்கு இரையாகிக்கொண்டே புதருக்குள் ஓடினேன்.

"அந்தக் கல்லை எறியேன்டா, இடமாவது கிடைக்கும்."

"அது வரும். நீதான் நடக்கணும்."

சாயங்காலம் மரக்கட்டைகளில் சிக்கி என் படகு கிடைத்தது, நெடுக்கக் கிழிந்து. சுருட்டி எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் திட்டில் கால் வைத்தோம். விமானம் அப்போதுதான் வட்டமடித்து இறங்கியது.

மேலே கிளம்பியதும் என்னால் அடக்க முடியவில்லை. "மன்னிச்சிடுடா. நான் செஞ்சது பாவம்."

"ஜட்டி லேபிளையே அறுத்தவன்டா நான். ரெண்டு கிலோ தெரியாதா? பையைத் தூக்கினப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் தூக்கி எறியல?"

"டாக்டர், பால் கேனைக்கூடத் தூக்காதேன்னாரு. அந்தக் கல்லோட கணவாயைத் தாண்ட முடியுதான்னு பார்த்தேன். முடிஞ்சுது."

அவன் பையை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"அதோட நீ ரெண்டு நாளா முழிச்ச முழி இருக்கே, அதையும் விட மனசில்ல" என்றான்.

மேவிஸ் சொன்னதைச் செய்துவிட்டாள். விறகின் மேல் படகைப் போர்த்தியிருக்கிறாள், என்னுடைய கிழிந்த படகை. காற்றில் பறக்காமலிருக்க மேலே அந்தக் கல். நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம், விறகு எடுத்துவர என்னைத்தான் அனுப்புகிறார்கள்.