நேர்காணலுக்கு வந்த அப்பா

நேர்காணல் நாளில் எங்கள் மேலாளர் முதல் வேலையாகத் தன் அறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வெளியே போடச் சொல்வார். மேசைக்கு எதிரே ஒன்று மட்டும் மிஞ்சும். உள்ளே வருபவர்களோ இரண்டு பேர். குற்றாலத்தில் நான் அலுவலகப் பணி பார்த்த அந்த விடுதியில், வேலை கேட்டு வருபவர் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வர வேண்டும். பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியில் சொன்ன காரணம் அதுதான். உண்மையில் தேர்வே அந்தப் பெரியவரை வைத்துத்தான் நடந்தது.

சான்றிதழ்களை மேலாளர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். "பரீட்சையில பாஸானது இதுல தெரியும். சீசன்ல ஒருத்தன் குடிச்சிட்டு வந்து, ரூம் இல்லையான்னு அப்பன் ஆத்தாள இழுத்து ஏசுவான். அப்ப இவன் என்ன செய்வாம்னு இதுலயா போட்டிருக்கு?" என்பார். அதனால் பெற்றவரை நிற்கவைத்து அவரே ஏசுவார். கண் மட்டும் பிள்ளையின் முகத்தில் இருக்கும். அன்று காலை மேலகரத்திலிருந்து வந்த பெண், "எங்கப்பாவ மரியாதையாப் பேசுங்க சார்" என்று எழுந்துவிட்டாள். "நல்ல பிள்ளை. ரிசப்ஷனுக்கு ஆகாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்து வந்தவன் இலத்தூர்ப் பையன், எம்.பி.ஏ. படித்தவன். அவன் அப்பா விவசாயி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "நீ உக்காருலே" என்று மகனிடம் நாற்காலியைக் காட்டிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

"ஓய், கதவத் தட்டிட்டு வரணும்னு தெரியாதா? மாட்டுத் தொழுவம்னு நெனச்சீரோ? ஒம்ம மவன எம்.பி.ஏ. படிக்க வச்சு என்னத்துக்கு?"

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கண்ணும் மகன் மேலேயே இருந்தது. மகனோ, கேரளத்திலிருந்து வருபவர்களிடம் மலையாளத்திலேயே பேசுவேன் என்று புன்னகை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். மேலாளர் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். "அண்ணாச்சி, மனசுல வச்சுக்காதீங்க. பையன் கோவப்படுதானான்னு பாத்தேன், அவ்வளவுதான்" என்று அப்பாவுக்கு டீ வரவழைத்தார்.

வேலையில் சேரும் உத்தரவைக் கொடுக்க நான் வாசலுக்கு வந்தபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அவரு ஏச ஏச, எங்க நீ எனக்குப் பரிஞ்சு பேசி வேலையக் கெடுத்திருவியோன்னு பயந்தே போயிட்டேன்."

"எனக்கு முன்னமே தெரியும்ப்பா. இங்க வேலை பாக்குத கூட்டாளி சொல்லிட்டான், இப்படித்தான் ஏசுவாருன்னு."

சிரிப்பு பாதியில் நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உங்க மொகத்துல தெரிஞ்சிரும்லா. அவரு கண்டுபிடிச்சிருவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ அப்பாக்கள் அந்த அறையில் ஏச்சு வாங்கியதைப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் இப்படி ஆனதில்லை. என் கையிலிருந்த உத்தரவை மகன்தான் உருவிக்கொண்டான்.

சாரல் விழத் தொடங்கியிருந்தது. அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நிறுத்தினான். அவர் ஏறவில்லை.

"நீ போ. நான் பஸ்ல வாரேன்."

தென்காசிச் சாலையில் அவர் நனைந்துகொண்டே நடந்தார். பேருந்து நிறுத்தம் வந்தும் நிற்கவில்லை.