வேலியில் காயப்போட்ட ஆறு தோல்கள்

அந்தப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆறு கடல்நாய்த் தோல்களை எடுத்துப் போய் வேலியில் காயப்போட்டேன். பிற்பகல் மூன்றரைக்கு நான் செய்தது என்னவென்று விளங்கியது. இடையில் இருந்த நாலரை மணி நேரமும், ஒரு நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற திருப்தியில் இருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். எழுதிய பிறகும் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

1. வேலையும் இடமும்

சிட்னியின் வடமேற்கே, ஹாக்ஸ்பரி ஆற்றோரம், பழைய தோல் வணிகக் கிடங்கு ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். தெற்குத் தீவுகளில் கடல்நாய்களைக் கொன்று உரித்த தோல்கள் அந்தக் காலத்தில் இப்படியான கிடங்குகளில் உப்பிடப்பட்டு, கட்டுக்கட்டாகக் கப்பலேறின. நாங்கள் அந்தக் காலத்து உடுப்போடு நின்று வருகிறவர்களுக்கு வாழ்ந்து காட்டவேண்டும். என் வேடம் கிடங்குக்காரரின் மனைவி. நீளப் பாவாடை, ஏப்ரன், தலையில் பொனட். குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்.

டிக்கெட் கவுண்டரில் இருப்பவள் நஸ்ரின். வாணியம்பாடிக்காரி. என் வயதுதான். அவளுடைய அத்தா அங்கே தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கிடங்குக்காரன் பெண்சாதி இவ்வளவு கறுப்பாகவா இருந்திருப்பாள் என்று ஒரு வெள்ளைக்காரர் என் முதல் வாரத்திலேயே கேட்டபோது, கவுண்டரில் இருந்தபடியே, கிடங்குக்காரனைப் பார்த்தீர்களா, அவன் இன்னும் கறுப்பு என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சிநேகிதம்.

எங்கள் மேலாளர் ஹெலன். அதிகம் பேசமாட்டார். நான் அப்போது ப்ரொபேஷனில் இருந்தேன். ஆறு மாதத்தில் நாலு முடிந்திருந்தது. மகள் மிதுனா பிறந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டுக் கிடைத்த முதல் வேலை. அதைத் தொலைத்துவிடுவேனோ என்ற பயம் தினமும் என்னோடு காரில் ஏறி வரும்.

2. வெயில்

கிடங்கில் ஆறு தோல்கள் இருந்தன. மூன்று சுவரில் தொங்கும். அவை மிகப் பழையவை, பார்வைக்கு மட்டும். மற்ற மூன்றும் மேசையில் கிடக்கும். அவை பிள்ளைகள் தடவிப் பார்ப்பதற்கு. எல்லாம் ஒரே கிடங்கின் சரக்குப்போலத் தெரியவேண்டும் என்று ஒரே அளவில், ஒரே நிறத்தில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வித்தியாசம் பின்பக்கத்தில் நூலால் கட்டிய சின்ன டேக் மட்டும்தான். சுவருக்கு வெள்ளை, மேசைக்கு மஞ்சள்.

ஒரு கிழமையாக விடாத மழை. கிடங்குக்குள் ஈர வாடை. மறுநாள் வியாழக்கிழமை மிதுனாவின் வகுப்பு எக்ஸ்கர்ஷன் வருவதாக இருந்தது. அம்மா வேலை செய்யும் இடம் நாறுகிறது என்று அவளுடைய வகுப்பு சொல்லிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. புதன்கிழமைகளில் பார்வையாளர்கள் இல்லை. ஹெலனுக்கு நகரத்தில் மீட்டிங். பார்த்தால் வெயில் பளிச்சென்று அடித்தது.

எங்கள் வீடுகளில் ஈர வாடை என்றால் வெயில்தான் வைத்தியம். தலையணை, பாய், மிளகாய், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் முற்றத்துக்குப் போகும். யாரையும் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. சுவர்த் தோல்களைக் கையுறை போட்டுத் தொடவேண்டும் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் இருந்தது. கவனமாகக் கையுறை போட்டுக்கொண்டேன். கையிலுள்ள எண்ணெய் தோலில் படக்கூடாது என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு கவனமும் எடுத்தேன். வெயிலில் டேக்கின் மை மங்கிவிடும் என்று ஆறு டேக்குகளையும் கழற்றி ஏப்ரன் பொக்கற்றில் போட்டேன். எது எந்த வரிசை என்று மனதில் வைத்துக்கொண்டேன். ஒரு மணிக்குக் காற்று அடித்து மூன்று தோல்கள் புல்லில் விழுந்தன. எடுத்துத் திரும்பப் போட்டேன். இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோய், எது எதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியபடி தொங்கவிட்டேன், விரித்தேன், டேக் கட்டினேன்.

3. பதினாலாம் பக்கம்

பள்ளிக்கூட வாசலில் மிதுனாவுக்காகக் காரில் காத்திருந்தபோது, நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதைப் பார்ப்போம் என்று வேலைக் கோப்பைத் திறந்தேன். பதினாலாம் பக்கத்தில் இருந்தது. சுவரில் உள்ள மூன்று தோல்களுக்கும் முன்னொரு காலத்தில் பூச்சி அரிக்காமல் ஆர்சனிக் பூசப்பட்டிருக்கிறது. நஞ்சு இன்னும் உரோமத்தில் இருக்கும். கையுறை தோலுக்காக அல்ல, தொடுகிறவருக்காக.

நான் கோப்பைப் படிக்காதவள் அல்ல. முதல் வாரமே முழுக்கப் படித்தேன். வெட்டும் காயமும் வந்தால் என்ன செய்வது, நெருப்பு வந்தால் எந்த வாசல் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த ஒரு பத்தி எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியவில்லை.

நஸ்ரினுக்கு போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏன் கவிதா, உங்க ஊர்ல தோலையும் வத்தல் மாதிரி காயப் போடுவீங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஹெலன்கிட்ட வாயத் தொறக்காத. ப்ரொபேஷன்ல இருக்க. காலையில சீக்கிரம் வா, நான் தொட்டுப் பாத்தே பிரிச்சுக் குடுத்துடறேன்."

அவளால் முடியும் என்று நம்பினேன். ஆனால் நம்பிக்கை ஒரு பக்கம் இருக்க, என் மனம் இன்னொரு பக்கம் வேலை செய்தது. குசினியில் மிதுனாவுக்குச் சோறு தீத்தும்போது அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வாறமாதிரிக் கிடக்கு. நாளைக்கு ஸ்கூல் வேண்டாம் என்ன?"

"பட் ஐ ஆம் நாட் சிக், அம்மா."

வேலையால் வந்து கதிரையில் இருந்த என் கணவர் சுதனுக்கு ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"மற்ற இருபத்தொரு பிள்ளையளுக்கும் காய்ச்சலோ?"

நான் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தேன்.

4. தொண்ணூறு

காலை ஏழே முக்காலுக்கு நஸ்ரினும் நானும் கையுறையோடு கிடங்கில் நின்றோம். அவள் ஒவ்வொரு தோலையும் மடித்து, வளைத்து, பின்பக்கத்தை விரலால் நீவிப் பார்த்தாள். பழைய தோல் மடிப்பில் எப்படி முரண்டு பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி டேக்கை மாற்றிக் கட்டினாள். ஐந்து தோல்களுக்கு ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆறாவதை இரண்டு தரம் மடித்தாள். மூன்றாம் தரமும் மடித்தாள்.

"இது மேசைதான்."

"சுவரா இருக்காதோ?"

"தொண்ணூறு பெர்சன்ட் மேசை. வெயில்ல கெடந்ததுல எல்லாமே கொஞ்சம் வெறச்சுப் போச்சு, அதான்." மஞ்சள் டேக்கைக் கட்டி மேசையில் விரித்தாள். "போதும் விடு. பஸ் பத்து மணிக்கு வந்துடும்."

பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. சுவரில் மூன்று வெள்ளை, மேசையில் மூன்று மஞ்சள். நான் பேசாமல் பொனட்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சுதன் கேட்டதற்குப் பிறகு மிதுனாவை வீட்டில் மறிக்க மனம் வரவில்லை; அவளும் அந்த பஸ்ஸில்தான் வருவாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் தொட்ட கையை நேரே வாய்க்குக் கொண்டுபோவார்கள். மேசைக்கு ஏழடி தூரத்தில் கைகழுவும் வாளிகூட நான்தான் வைத்திருந்தேன். கழுவினால் போதும் என்று பத்துத் தரம் எனக்குள் சொன்னேன். பதினோராம் தரம் சொல்ல முடியவில்லை.

ஒன்பது மணிக்கு ஹெலனின் கார் வந்தது. இறங்கவிடாமல் கதவருகிலேயே நின்று சொன்னேன். வெயில், காற்று, டேக், ஆறாவது தோல், எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்போல. அவர் கையைக் காட்டி நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எது எது என்று உனக்கு உறுதியாகத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

அவர் உள்ளே போனார். கால் மணி நேரத்தில் ஆறு தோல்களும் தனித்தனி பிளாஸ்டிக் பைக்குள் போயின. மேசையைத் துடைத்து, மூடிக் கயிறு கட்டினோம். டேக்கை யார் கட்டியது என்று கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் நஸ்ரின் தானாகவே சொல்லிவிட்டாள். பிறகு நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பத்து மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் வைக்கோலில் வந்து இருந்தார்கள். வேடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்பது எங்கள் விதி. அன்று ஹெலன் எனக்கு அனுமதி தந்தார். இன்றைக்குத் தோல்களைத் தொட முடியாது, அவற்றை நான் கலந்துவிட்டேன், அது என் பிழை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பையன், "ஆர் யூ இன் ட்ரபிள்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மிதுனா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யூ செட் ஐ வாஸ் சிக்."

"ஓம். அம்மா பொய் சொன்னனான்."

5. மறு கிழமை

நகரத்திலிருந்து ஒருவர் ஆர்சனிக் பார்க்கும் கருவியோடு வந்து ஆறு பைகளையும் சோதித்தார். வெயிலில் ஒரு தோல் வெடித்திருந்தது. ஹெலன் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதி, என்னையும் வாசித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதில் என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. நடந்தது மட்டும் இருந்தது. அதுதான் வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. ப்ரொபேஷனை மேலும் மூன்று மாதம் நீட்டினார். வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

நஸ்ரின் கட்டிய டேக்குகளில் நாலு சரி. மஞ்சள் டேக்கோடு மேசையில் கிடந்த ஆறாவது தோலில் நஞ்சு இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு நல்ல தோல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து இருந்தாள். திறக்கவில்லை. "அந்த ஒண்ண மூணு தரம் மடிச்சுப் பாத்தேன் கவிதா" என்றாள். எனக்கும் சாப்பிட முடியவில்லை. இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இந்த வேலையில் பிழை விடுவீர்கள், அக்கறையாக இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே விடுவீர்கள். உறுதியாகத் தெரியாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்போது, வருகிற பஸ்ஸில் உங்கள் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பஸ் வருவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.