எஞ்சின் சத்தம்

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் சித்திதான். சித்தப்பா குவைத்தில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கி, ஆலங்குடிச் சாலையில் சித்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு சைக்கிளுக்கு மேல் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மா பிரசவத்துக்குக் காத்திருந்த அந்தக் கோடையில், அவரே தினமும் காரைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கார் மக்கர் பண்ணியது. ஓடும்போது ஒன்றுமில்லை. எங்காவது நிறுத்தினால் உடம்பெல்லாம் நடுங்கி அணைந்துவிடும். மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. புதுக்கோட்டையில் பட்டறையில் காட்டியபோது பிளக்குகளை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும், வண்டி நிற்கட்டும் என்றார்கள். அம்மாவின் வயிறு அதுவரை பொறுக்காது என்று சித்தி காரைத் திரும்ப ஓட்டிவந்துவிட்டார். வழியில் அது எத்தனை தடவை நின்றது என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவுக்கு விடுமுறை. காலையில் சித்தி பானெட்டைத் திறந்து, போனை வீடியோ காலில் போட்டு உள்ளே சாய்த்துவைத்தார். நான் முந்திரிப் பழம் தின்றபடி மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா எதையும் பார்க்கவில்லை. அணைவதும் சித்தி மறுபடி ஸ்டார்ட் செய்வதுமாக நடுங்கிய எஞ்சினைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த எஞ்சினில் வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்துக்குத் தகுந்தபடி முன்னே பின்னே மாற்ற ஓர் ஏற்பாடு உண்டு, அதை நகர்த்துவது ஆயிலின் அழுத்தம், அந்த ஆயிலை அளந்துவிடும் சின்ன வால்வு சிக்கியிருக்கலாம் என்றார். அதன் ஒயரைக் கழற்றச் சொன்னார். சித்தி கழற்றினார். நடுக்கம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியென்றால் கோளாறு ஒயரில் இல்லை, வால்வு உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் சித்தப்பா.

எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, ஒரு போல்ட்டைக் கழற்றிக் கட்டைவிரல் பருமனுக்கு இருந்த அந்த வால்வைச் சித்தி உருவி எடுத்தார். அதன் சல்லடையில் கறுப்பாகக் களிம்பு அடைத்திருந்தது. சித்தி அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நீங்க போன பொறவு ஒருக்க ஆயில் மாத்துனேங்க. லாரிக்கு ஊத்துற கெட்டி ஆயில ஊத்திட்டாங்க போல. அதுலேர்ந்துதான் இந்தத் தொல்லை."

சித்தப்பா, "நான் வால்வோட நின்னுட்டேன். காரணத்த நீதான் புடிச்ச" என்றார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பானரைத் தேடினார்.

பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தபோது வால்வு அசையவே இல்லை. பழைய பிரஷ்ஷாலும் பெட்ரோலாலும் சித்தி பொறுமையாகக் கழுவினார். ஒயரைத் தொட்டுப் பார்ப்பதும் மறுபடி கழுவுவதுமாகப் பொழுது ஏறியது. கடைசியில் அது 'டிக்' என்றது. அப்பா பஸ் ஏறிப் போய், சித்தப்பா சொன்ன ஆயிலையும் ஃபில்டரையும் வாங்கிவந்தார்.

எல்லாம் மாட்டிச் சாயங்காலம் ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் சீராக ஓடியது. மஞ்சள் விளக்கும் எரியவில்லை. அடுத்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தக் கார்தான். புதுக்கோட்டை நெரிசலில் நின்றபோதுகூட அணையவில்லை. தம்பி சுகமாகப் பிறந்தான்.

ஆனால் அன்று சாயங்காலம் கார் சரியான பிறகும் சித்தப்பா போனை வைக்கவில்லை.

"அணைச்சிராத. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். போனைப் பக்கத்து இருக்கையில் சாய்த்துவைத்தார். கார் நின்ற இடத்திலேயே ஓடியது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அம்மாவிடம் ஓடினேன். இன்னும் ஏதோ கோளாறு இருக்கிறது, சித்தப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றேன்.

"இருக்கும்டி. நீ அங்கிட்டுப் போகாம இங்கயே இரு" என்றார் அம்மா.

அது என்ன கோளாறாக இருக்கும் என்று சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.