காப்புக் கட்டுமுன் ஊரைவிட்டுப் போனவர்

களத்தில் மிளகாய்ப் பழத்தைப் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. புதுமடத்திலிருந்து பஞ்சவர்ணம். "மாமா, அய்யா போயிட்டாக. காலையில காப்பி குடிச்சாக, செவுத்துல சாஞ்சு உக்காந்தாக, அம்புட்டுத்தான்" என்றாள். அவளைப் பெற்ற மைக் செட் சேதுராமு இறந்துவிட்டார். அழுகை வருவதற்கு முன்னால் என் மனம் ஒன்றைத்தான் பார்த்தது. முளைப்பாரி கரைத்தாகிவிட்டது, முந்தின நாள் காப்பும் அவிழ்த்தாகிவிட்டது. மனுஷன் ஜெயித்துவிட்டார் என்று தோன்றியது. சாவுச் செய்தி கேட்டவன் இப்படியா நினைப்பான் என்று அவரை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அறியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுதப் படிக்க வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பத்தி முடிப்பதற்குள் ஒரு பொழுது போய்விடுகிறது. ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. நேரில் அவரை வாடா போடா என்றுதான் பேசுவேன், மச்சான் முறை. பேனாவைப் பிடித்தால் 'அவர்' என்றே வருகிறது. இதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமங்களில் எந்தத் திருவிழா என்றாலும் அவருடைய மைக் செட்தான். பனைமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை, கீழே நின்று குறை சொல்வது அவர் வேலை. பாட்டுப் போடுவதைவிட அவர் பேசுவதைக் கேட்கத்தான் கூட்டம் நிற்கும். ஒருமுறை திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வழிதவறி மேடைக்கு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை நம்மகிட்ட இருக்கு. பிள்ளை அழுகலை, முறுக்குத் திங்குது. பெத்தவுக அழுதுக்கிட்டிருந்தா வந்து வாங்கிக்கிறலாம்" என்றார். தாய் ஓடிவந்தாள். அவளுக்கும் ஒரு முறுக்குக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அப்படிச் சிரித்த மனிதருக்குள் ஒரு முள் இருந்தது. எங்கள் ஊரில் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாயில் முளைப்பாரி. காப்புக் கட்டிய பிறகு ஊருக்குள் சாவு விழுந்தால் திருவிழா அந்த வருடம் நின்றுவிடும். வெளியூரில் செத்தாலும் காப்பு அவிழ்க்கும்வரை பிணத்தை ஊர் எல்லைக்குள் கொண்டுவரக் கூடாது. வெகுகாலத்துக்கு முன்னால் அப்படி ஒரு வருடம் நின்றது. இறந்தவர் சேதுராமுவின் அய்யா. பாரி வளர்த்த வீட்டைத் திறக்கவே இல்லை. இருட்டுக்குள் பயிர் நீண்டு, வெளுத்து, மடிந்து படுத்து, கடைசியில் நாற்றம் எடுத்தது. அந்த வருடம் பிள்ளை வரம் வேண்டி முதன்முதலாகப் பாரி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். துக்கம் கேட்க வந்தவள் சேதுராமுவின் சம்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள்.

"ஊர்ல ஒருத்தரும் ஒன்னும் சொல்லலை மச்சான். ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தாக்கூடத் தேவலை" என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் தை மாதத்தில் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ராமநாதபுரத்து டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சம்சாரம் போய்ச் சேர்ந்தபின் அவர் தனியாக இருந்த வீடு அது. கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தோம். முறைவைத்துக் கஞ்சி கொடுத்தோம். பங்குனி பிறந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"சேதுராமு, இந்த வருசம் காப்பைத் தள்ளிப் போட்ருவோம்னு பேசிக்கிறாக. ஆடியில பாத்துக்கிறலாம்" என்றார்.

"ஏன்?"

"நீ இப்படிக் கெடக்குறப்ப..."

"நான் கெடந்தா பயறு முளைக்க மாட்டேங்குதாக்கும்" என்று கேட்டார். அம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். சேதுராமு அவர் கையைப் பிடித்து, "காப்பைக் கட்டுங்கண்ணே. நான் எடைஞ்சலா இருக்க மாட்டேன்" என்றார்.

அம்பலம் போனதும் என்னைக் கூப்பிட்டார். "மச்சான், ஒரு காரு பிடி. புதுமடம் போறேன்." அவர் மகள் பஞ்சவர்ணம் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். மருமகனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்த வீடு வாசல் இருக்கிற மனிதன் பெண் கொடுத்த வீட்டில் போய் உயிரை விடுவதா? எங்கள் பக்கத்தில் அது பெரிய தலைக்குனிவு. பிறந்த வீட்டில், தன் அய்யாவைக் கிடத்திய இடத்தில் தன்னையும் கிடத்த வேண்டும் என்றுதான் அவரும் ஆசைப்பட்டார். அது எனக்குத் தெரியும்.

"ஏலே, உனக்கு ரோசம் இல்லையா" என்று கேட்டேன்.

"இருக்கு. அதையும் காருல ஏத்திக்கிட்டுத்தான் போறேன்" என்றார்.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் புறப்பட்டார். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியே இராத்தங்கக் கூடாதே, அதற்காகத்தான் அந்த அவசரம். காருக்குள் ஏறும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சாவியை என் கையில் கொடுத்தார். மைக் முன்னால் அத்தனை பேச்சுப் பேசிய மனிதர் அன்றைக்கு உச்சிப்புளி தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

நடுவில் ஒரு நாள் காலை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பினேன். முகம் வீங்கியிருந்தது. கடல் காற்று உப்பாக இருக்கிறது, மீன் வாடை வயிற்றைப் பிரட்டுகிறது என்று குறைபட்டார். மருமகன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "மாமா இங்கன இருக்கிறது எங்களுக்கு வருத்தமே இல்லை. எங்க அய்யா இருந்தா இப்படித்தானே பாப்பேன்" என்றார் என்னிடம். சேதுராமு கண்ணை மூடியபடியே, "நல்லாத்தான் பாக்குறாரு. மீன் கொழம்பு மட்டும்தான் சரியில்லை" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "பாரி எம்புட்டு வளந்திருக்கு?" கையை நீட்டி அளவு காட்டினேன். "அது போதாது. இன்னும் வளரணும்" என்றார். எதற்காகச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. பயிருக்கு இன்னும் நாள் வேண்டும். அவருக்கும் வேண்டும். கிளம்பும்போது பஞ்சவர்ணம் வாசல்வரை வந்து, "கஞ்சி எறங்கலைனாலும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறாக மாமா. செவ்வாக்கிழமை வரைக்கும் குடிக்கணுமாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பாரி எடுக்கிற நேரம். பெண்கள் தலையில் தூக்கத் தயாராக நிற்கிறார்கள். மைக்கில் அம்பலம் பேசினார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேசுவது போலவே சப்பென்று பேசினார். நான் செட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. பஞ்சவர்ணம்தான். "மாமா, அய்யா பேசணுங்கிறாக." எனக்கு அந்த நொடியில் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை, அம்பலத்தின் கையிலிருந்து மைக்கை வாங்கிப் போனோடு சேர்த்துப் பிடித்துவிட்டேன். குழாய் கீச்சென்று கத்தியது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். அதன்பின் அவர் குரல்.

"மச்சான், ஆரம்பிச்சாச்சா?"

ஊரே கேட்டது. பெண்கள் கையில் எடுத்த பாரியோடு அப்படியே நின்றார்கள்.

"நீ பேசுறது குழாயில வருதுடா" என்றேன்.

தொண்டையைச் செருமினார். "அப்படியா. தாய்மார்களே, அவசரம் இல்லாம நடங்க. பிள்ளைகளை ஊரணிக்குள்ள எறங்க விடாதீங்க. கும்மியில பின்னாடி நிக்கிறவுக முன்னாடி இருக்கிறவுக கால மிதிக்காதீங்க." மூச்சு முட்டியது. பிறகு, "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க நடத்துங்க. மச்சான், தெக்க இருக்க குழாய் கரகரங்குது, என்னத்தக் கட்டுனியோ" என்றார். சிரிப்பு எழுந்தது. குலவையும் எழுந்தது. போனை வைக்காமல் பாரி ஊரணிக்குப் போய்ச் சேரும்வரை மைக் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கடைசிப் பாரி தண்ணீரில் இறங்கியதும், "கரைச்சாச்சுடா" என்றேன். பஞ்சவர்ணம்தான் சொன்னாள்: "கேட்டுட்டாக மாமா. கண்ணைத் தொடைக்கிறாக."

மறுநாள் காப்பு அவிழ்த்தார்கள். அதற்கடுத்த காலையில்தான் அந்தப் போன் வந்தது.

வேனில் அவரைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் எல்லாரும் ஊர் எல்லையில் கருப்பசாமி கோயில் பக்கம் காத்திருந்தோம். வேன் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டது. பஞ்சவர்ணம் மட்டும் இறங்கி வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மாமா, காப்பு அவுத்தாச்சா? ஊருக்குள்ள வரலாமா?"

"உனக்குத் தெரியாதா தாயி? அவுத்த அன்னைக்கே போன்ல சொன்னேனே."

"தெரியும். இருந்தாலும் எல்லையில வண்டிய நிப்பாட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்னு அய்யா சொல்லியிருந்தாக."

அம்பலம் முன்னால் வந்தார். மைக்கில் அவ்வளவு சப்பென்று பேசிய அம்பலம், மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அவுத்தாச்சும்மா. அவன் வீட்டுக்கு அவன் வரட்டும்" என்றார். வேனுக்கு முன்னால் அவரே நடந்தார். அந்த வீட்டைத் திறந்து, அவருடைய அய்யாவைக் கிடத்திய இடத்திலேயே அவரையும் கிடத்தினோம்.

மைக் செட்டை மருமகன் என்னிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார். அது ஒருநாள் பழுதாகிப் போகும். நான் வைத்துக்கொள்ளப்போவது அதை இல்லை. தன் சொந்த ஊருக்குள் வருவதற்கு, அதுவும் செத்தபிறகு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லையே என்று கேட்டுவிட்டு வந்த அந்தக் கேள்வியைத்தான். எழுதத் தெரிந்தவன் ஆகிவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு அதை இங்கே எழுதி வைக்கிறேன்.