ஏழாம் வகுப்பில் நாங்கள் கற்றதாகச் சொல்லப்பட்டவை

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, எங்களுக்கு என்னென்ன கற்றுத்தரப்படுகிறது என்று பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் ஒரு தனியார் பெண்கள் பள்ளி. நான் நெரவியிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். சைக்ளோஸ்டைல் மை அப்பிக் கிடந்த அந்தத் தாளில் தலைமையாசிரியை பாடவாரியாக எங்கள் பெருமைகளை எழுதியிருந்தார். அதில் உண்மையாக இருந்தது பள்ளியின் பெயர் மட்டும்தான்.

அப்பா நெல் விவசாயி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நாலைந்து வருடம் பள்ளிக்குப் போனவர். அந்தத் தாளை அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். 'பூகோளம்: காவிரியின் போக்கை மாணவியர் நேரில் ஆராய்கின்றனர்.'

ஆராய்ந்த லட்சணம் எனக்குத் தெரியும். காவிரியின் கிளை ஆறு ஒன்றைச் சொல்லச் சொன்னார் பூகோள டீச்சர். என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "அரசலாறு டீச்சர், நம்ம ஊருக்குள்ளயே ஓடுதே" என்றாள்.

"புத்தகத்துல இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப வாய மூடிக்கிட்டு உக்காரு."

அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் டீச்சர் தினமும் வேலைக்கு வந்தார்.

'தையல்: கைத்திறன் வளர்கிறது' என்று இருந்தது. தையல் டீச்சர் வீட்டு ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தே அது வளர்ந்தது. நீதிபோதனை வகுப்பில் டீச்சர் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார். நாங்கள் அவருக்காக ஆறாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்துவோம். பிடித்தவளுக்கு மார்க் கூட, பிடிக்காதவளுக்குக் குறைய. சரித்திரத்தில் ராஜாக்களின் பெயர்களைக் கூட்டமாகக் கத்தினோம். எங்களைப் பெற்றவர்கள் வேறொரு கொடியின் கீழ் பிறந்தவர்கள் என்பதைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறந்ததில்லை.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது விஞ்ஞானம். வெங்காயத் தோலை நாங்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததாகப் போட்டிருந்தது.

"உள்ள என்னம்மா தெரிஞ்சுது?"

"செங்கல் அடுக்குன மாதிரி இருக்கும்ப்பா" என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மைக்ரோஸ்கோப் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. அதைத் துடைக்கக்கூட எங்களை விட்டதில்லை.

அரைப்பரீட்சை முடிந்து பெற்றோர் தினம் வந்தது. போர்டு எழுதும் ஆளை வைத்து வரைந்த படங்களைச் சுவரெங்கும் மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு மாணவியின் பெயரை எழுதியிருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பை வெளியே எடுத்து ஒரு மேசையில் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார் தலைமையாசிரியை. எனக்கு மனப்பாடம் நன்றாக வரும், கூச்சமும் கிடையாது. அந்தப் பள்ளிக்கு வேண்டிய தகுதிகள் அவ்வளவே.

நான் ஒப்பித்து முடித்தேன். வெள்ளைச் சட்டை போட்டு மேசையோரமாகவே நின்றிருந்த அப்பா முன்னால் வந்தார்.

"நானும் ஒரு தடவ பாக்கலாங்களா?"

தலைமையாசிரியை சிரித்தார். "கண்டவங்களும் தொட்டா இது கெட்டுப்போயிடும். உங்க பொண்ணுதான் பாத்துருக்குல்ல, அதுகிட்ட கேட்டுக்குங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா?"

"பாத்தேம்ப்பா. செங்கல் அடுக்குன மாதிரி இருந்துச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். தலைமையாசிரியை என் கன்னத்தைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் பென்சில் டப்பா கொடுத்தார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்: "அந்தக் குழாயில கண்ணாடியே இல்லம்மா. நீ பேசிக்கிட்டு இருந்தப்ப குனிஞ்சு பாத்தேன். ரெண்டு பக்கமும் வெறும் ஓட்ட."

"தெரிஞ்சுகிட்டே ஏம்ப்பா கேட்டீங்க?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டு, டிக்கெட் வாங்கி, நெரவி வரும்வரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஆசிரியைகள் மேல் எனக்கு இருந்த இளப்பமெல்லாம் அன்று என் மேலேயே திரும்பியது. அவர்களாவது சம்பளத்துக்குப் பொய் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அப்பா பள்ளிக்கு வந்து என் டி.சி. கேட்டார். தலைமையாசிரியைக்கு ஆச்சரியம். "நடு வருஷத்துல யாராவது மாத்துவாங்களா? நல்லா வர்ற பொண்ணுங்க. என்னமா பேசுது!"

"அந்தப் பேச்சு பயமா இருக்குங்க" என்றார் அப்பா.

தலைமையாசிரியைக்கு அது விளங்கவில்லை. விவசாயிக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று குமாஸ்தாவிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எண்பதுகளில் அவருக்கு ஏதோ பாராட்டு விழா நடந்ததாம். கல்விச் சேவைக்குச் சால்வை போர்த்தினார்களாம். போர்த்தியவர்களும் அவரிடம் படித்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே வைத்த முதல் பரீட்சையில் மூன்று பாடத்தில் தோற்றேன். கணக்கு டீச்சர் என் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏழாவதுன்னு சொன்னாங்களே, நெசமாத்தானா?" என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவர் பின்னக் கணக்கிலிருந்து ஆரம்பித்தார்.