ஐலி கங்காஸும் ஒரு கூடுதல் கோப்பும்

ஐலி கங்காஸுக்கு மன்னிப்புக் கேட்க வராது. குறையாகச் சொல்லவில்லை, அவள் உயரம் ஐந்தடி பத்து அங்குலம் என்பதைப் போல ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். டுலூத் நகரக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் மேல்மாடி அறையில் எங்களோடு இருப்பாள். எங்களோடு என்றால் நானும் வெர்னன் ஸ்கால்கோவும். வெர்னன் ஹிப்பிங்கில் பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போடுகிறவன். பனியில் எழுபது மைல் ஓட்டி வருவான். வரும்போது ஒரு டஜன் டோனட்டும் கூடவே வரும்.

எங்கள் மூவரையும் சேர்த்துவைத்தது டெர்ன் என்ற கணினி மொழி. உலகத்தில் அதில் எழுதுகிறவர்கள் இரண்டாயிரம் பேர் இருந்தால் அதிகம். பிறர் எழுதிய நிரல்களைத் தேடி எடுத்துத் தரும் பேக்கேஜ் மேனேஜர் அதற்குக் கிடையாது. ஒருவர் எழுதிய நிரல் இன்னொருவருக்கு வேண்டுமென்றால் மின்னஞ்சலில் கெஞ்ச வேண்டும். எனவே க்ரீல் என்று ஒன்றை நாங்களே செய்தோம். எழுதியதைப் பொட்டலமாகக் கட்டி, பதிப்பு எண் போட்டு ஏற்றிவிட்டால் போதும். கேட்கிறவருக்கு க்ரீல் கொண்டுபோய்க் கொடுக்கும். 0.4.1தான் வேண்டும் என்று எழுதிவைத்தால், உலகமே அதைத் தாண்டிப் போனாலும் 0.4.1தான் வரும். அது வெர்னனின் யோசனை. அதிலிருந்து பிறந்ததுதான் முதல் விதி: ஏற்றியதை யாரும் அழிக்கக் கூடாது. எங்கோ ஒருவர் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்.

சண்டை வந்தது இரண்டாம் விதியில். பொட்டலத்துக்குள் எதெல்லாம் போக வேண்டும்? ஃபோல்டரில் இருப்பதெல்லாம் என்றாள் ஐலி. எழுதியவர் பட்டியலில் சொன்னது மட்டும் என்றான் வெர்னன்.

"ஏன் ஐலி, அவனவன் ஃபோல்டர்ல என்னென்னத்தையோ போட்டு வெச்சிருப்பான். பாஸ்வேர்டு இருக்கும், டாக்டர் சீட்டு இருக்கும். எல்லாத்தையும் ஊருக்குக் காட்டணுமா?"

"சுத்தமா வெச்சுக்கத் தெரியாதவன் எதுக்கு எழுத வர்றான்? உன் ஃபோல்டர் எந்த லட்சணத்துல இருக்கும்னு உன் காரைப் பாத்தாலே தெரியுதே."

காரில் குவிந்து கிடந்தவை, இரண்டு வாரத்துக்கு முன்னால் இறந்துபோன அவன் அண்ணனின் சாமான்கள். அது ஐலிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சிரித்தேன் வேறு. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

வாக்கெடுப்பில் நான் ஐலி பக்கம்; இரண்டுக்கு ஒன்று. வெர்னன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். டோனட் பெட்டி மேசையிலேயே இருந்தது. மூன்று வருடம் அவன் வரவில்லை.

ஐலி விதிகளைக் காவல் காத்தாள். பர்ஜெஸ் என்ற இளைஞன், தான் ஏற்றிய ஒன்று மானத்தை வாங்குகிறது, அழித்துவிடுங்கள் என்று நாலு முறை எழுதினான். நாலு முறையும் அவள் அனுப்பிய பதில் ஒரே வரி: "ஏற்றினால் ஏற்றியதுதான்."

போன ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், விடுமுறை நாட்களைக் கணக்கிடும் தன் நிரலின் 0.8.3 பதிப்பை ஏற்றினாள். ஒரு மணி நேரம் கழித்து வினிபெக்கிலிருந்து ஒருவர் எங்கள் இணையப் பொதுப்பலகையில் கேட்டிருந்தார்: "இதில் 'வெர்னன்' என்று ஒரு கோப்பு வருகிறதே, எதற்கு? அதை எடுத்துவிட்டாலும் நிரல் ஓடுகிறது."

திறந்து படித்தேன். அனுப்பாத கடிதம். "வெர்னன், நீ சொன்னது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அண்ணன் சாமான் என்று தெரிந்தேதான் காரைப் பற்றிப் பேசினேன்." தேதி மூன்று வருடம் பழையது. அந்த ஃபோல்டரிலேயே கிடந்திருக்கிறது. முன்பெல்லாம் வேறொரு கணினியிலிருந்து ஏற்றுவாள், அன்றைக்குத்தான் கடிதம் கிடந்த கணினியிலிருந்து.

உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டேன்" என்றாள்.

"சர்வர் சாவி உன்கிட்டதானே இருக்கு? தூக்கிடு. நாப்பது பேர்தான் எடுத்திருக்காங்க."

"பர்ஜெஸுக்கு என்ன சொன்னேன்?"

"அட, அவன் கதை வேற. இது நீ!"

"அதான் சொல்றேன்."

"வெர்னன் உன் நிரலைத்தான் ஓட்டுறான், தெரியும்ல? பஸ்ஸுக்கு லீவு நாள் பாக்கறதே இதுலதான். இன்னைக்கு நாலு மணிக்கு அவன் மெஷின் தானா எடுத்துக்கும்."

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை அவள் நிறுத்துவது கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அவள் அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆனா 0.8.3ஐ அழிக்க மாட்டேன்."

சாயங்காலம் 0.8.4 வந்தது. மாற்றங்கள் என்ற இடத்தில் ஒரே வரி: "தவறுதலாகச் சேர்ந்த கோப்பு நீக்கப்பட்டது. அதில் எழுதியிருப்பது உண்மை."

வெள்ளிக்கிழமை பொதுப்பலகையில் வெர்னன் பெயரில் ஒரு பிழைப் புகார். ஒரு வணக்கம்கூட இல்லை. "பிழை: தேவையில்லாத கோப்பு பொட்டலத்துக்குள் போகிறது. தீர்வு: பட்டியல். மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னேன்."

சனிக்கிழமை நாங்கள் இருவரும் வாக்களித்தோம். இப்போது பட்டியல் போட்டால்தான் க்ரீல் எதையும் எடுத்துக்கொள்ளும். வெர்னன் வரவில்லை. இனி வருவான் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஐலியும் போன் செய்து பார்க்கவில்லை.

போன வாரம் வேறு வேலையாக அவனுடைய பேருந்து நிரலைப் பார்க்க நேர்ந்தது. எல்லாப் பொட்டலங்களுக்கும் 'புதியது எதுவோ அது' என்று எழுதியிருக்கிறான். ஐலி இதற்குள் 0.9.6 வரை ஏற்றிவிட்டாள். அவளுடையதற்கு மட்டும் எண் போட்டு வைத்திருக்கிறான்: 0.8.3தான் வேண்டும்.